மலை வரைவது சுலபம். வயல் வரை, பார்க்கலாம்

கணினியில் மலை வரைவது மிகச் சுலபம். வயல் வரைவதுதான் கஷ்டம். இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மீதியெல்லாம் அதற்கான சாட்சியம்.

முப்பரிமாண நிலக்காட்சி மென்பொருள் என்று ஒரு வகை இருக்கிறது. மலை, ஆறு, காடு, மேகம், வெயில் எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்தது போல உண்டாக்கித் தரும். சினிமாக்காரர்களும் கணினி விளையாட்டு செய்கிறவர்களும் உபயோகிக்கிறார்கள். பிரான்சில் இருக்கும் என் பேரனுக்கு அதுதான் தொழில். போன தடவை வந்தபோது தன் பழைய மடிக்கணினியை என்னிடம் விட்டுவிட்டு, "தாத்தா, உங்களுக்குப் பொழுது போகும்" என்று நாலைந்து மென்பொருள்களையும் ஏற்றிக் கொடுத்துப் போனான். பொழுது போனது உண்மை. கோபமும் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

இந்த மென்பொருள்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே பரீட்சைதான் வைக்கிறார்கள். ஒரு பனிமலை, கீழே ஏரி, ஏரியில் மலையின் நிழல், மாலை வெயில். பார்த்தவன் "நிஜம் போலவே இருக்கிறதே" என்றால் நூற்றுக்கு நூறு. நான் வைத்த பரீட்சை வேறு. நாகூர் கடற்கரையிலிருந்து திருவாரூர் வரை சுமார் 25 கிலோமீட்டர் நிலத்தை எனக்கு வரைந்து காட்டு என்றேன். அருவி வேண்டாம், பனி வேண்டாம். வயல், வரப்பு, வாய்க்கால், ஆறு, திடல், தென்னந்தோப்பு, கடைசியில் கடல். அவ்வளவுதான். ஒன்றுகூடத் தேறவில்லை.

ஏன் தேறவில்லை என்பதற்கு இவற்றின் பிறப்பைப் பார்க்க வேண்டும். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆகவே இந்தக் கதையின் முதல் பாதி எனக்குக் கொஞ்சம் பெருமை. பெனுவா மாந்தல்ப்ரோ என்ற கணித மேதை வார்சாவில் பிறந்து, பன்னிரண்டு வயது ஆகுமுன் பிரான்சுக்கு வந்து, அங்கே படித்து ஆளானவர். 1975-இல் பிரெஞ்சில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். மலையும் மேகமும் கடற்கரையும் கோடு, வட்டம், முக்கோணம் போன்ற உருவங்கள் இல்லை. சின்னத் துண்டைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் முழுசைப் போலவே கரடுமுரடாக இருக்கும் என்பது அதன் சாரம். அந்தக் கரடுமுரடைக் கணக்காகச் செய்துவிட்டால், கணினி எத்தனை மலை வேண்டுமானாலும் பெற்றுப்போடும். 1980-இல் லோரன் கார்ப்பென்டர் என்ற அமெரிக்கர் இந்தக் கணக்கை வைத்து மலைகளுக்கு மேலே பறக்கிற மாதிரி ஒரு குட்டிப் படம் செய்து காட்டினார். அதற்கு அவர் வைத்த பெயரும் பிரெஞ்சுதான்: 'வொல் லிப்ர்', அதாவது தடையில்லாப் பறத்தல். 1994-இல் பிரைஸ் என்ற மென்பொருள் வந்தது. அதைத் தொடங்கி வைத்தவர் எரிக் வெங்கேர், அவரும் பிரெஞ்சுக்காரர். ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரைஸ் பள்ளத்தாக்கு. செங்குத்துப் பாறைகள் நிற்கிற இடம்.

ஆக, இந்தக் குடும்பமே பிறவியில் மலைநாட்டுக் குடும்பம். கரடுமுரடுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாஷை. நம் நிலமோ, பரம்பு அடித்துப் பரம்பு அடித்துக் கரடுமுரடை ஒழித்த நிலம். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக மாடும் மனிதனுமாகச் சமப்படுத்திய தரை. மாந்தல்ப்ரோவின் கணக்கு இங்கே வாசலிலேயே நின்றுவிடுகிறது.

சரி, தரை தட்டை. அதில் ஆறாவது ஒழுங்காக ஓடுமா என்று பார்த்தேன். மலைக்கு அடுத்தபடி இவர்கள் பெருமைப்படுவது 'அரிப்பு' என்ற வித்தை. வேர்ல்டு மெஷின் என்ற மென்பொருளில் இது பிரசித்தம். மலைமேல் மழை பெய்வதாகக் கணக்குப் போட்டு, தண்ணீர் இறங்கி, மண்ணை அரித்து, பள்ளத்தாக்கு உண்டாவதைக் காட்டும். அழகாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்த வகைக் கணக்கின் அடிப்படை என்ன? ஒவ்வொரு புள்ளியிலும் விழும் தண்ணீர் பக்கத்தில் உள்ள தாழ்ந்த இடத்துக்குப் போகும். பல ஓடைகள் சேர்ந்து ஒரு ஆறாகும். மரத்தின் கிளைகள் சேர்ந்து அடிமரம் ஆவது போல.

நம் ஊரில் மரம் தலைகீழ். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று மறுபடியும் பிரிகிறது. காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன்; வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு. அந்த வெட்டாறு தென்பெரம்பூரில் பிரிந்து, எங்கள் நாகூருக்கு வந்து கடலில் சேர்கிறது. ஒன்று பலவாகிறது, பலது ஒன்றாவதில்லை. சேர்க்கத் தெரிந்த கணக்குக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நான் கையால் இரண்டு கிளை வரைந்து கொடுத்தாலும், ஒன்றில் தண்ணீர் விட்டு மற்றதைக் காய வைத்தது. முறை வைத்துத் தண்ணீர் விடுவது நம் பொதுப்பணித்துறைக்குத் தெரிந்த அளவுகூட அதற்குத் தெரியவில்லை.

இன்னொன்று. மென்பொருள் ஆற்றை எப்போதும் பள்ளத்தில்தான் வைக்கும். மலைநாட்டில் அது சரி. இங்கே பாசன ஆறும் வாய்க்காலும் வயலைவிட உயரத்தில் ஓட வேண்டும். அப்போதுதானே மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும்? இரண்டு பக்கக் கரைதான் ஆற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வடிகால் மட்டும் பள்ளத்தில் ஓடும். இந்த இரண்டும் குறுக்கிடும் இடத்தில் ஒன்றின் அடியில் மற்றது போகக் கீழ்க்குமிழி கட்டியிருக்கிறார்கள். இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் தரையை ஓர் உயரப் பட்டியலாக வைத்திருக்கின்றன: ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு உயரம். தண்ணீருக்கு அடியில் தண்ணீர் போவதைச் சொல்ல அந்தப் பட்டியலில் இடமே இல்லை. கீழ்க்குமிழியைக் கட்டிய கொத்தனாருக்குத் தெரிந்த விஷயம் இது.

"கற்பனை நிலம் வேண்டாம் தாத்தா, நிஜ அளவை ஏற்றிப் பாருங்கள்" என்றான் பேரன், தொலைபேசியில். ஏற்றினேன். உலகம் பூராவுக்கும் இலவசமாகக் கிடைக்கிற உயரத் தகவலில் பெயர்பெற்றது எஸ்.ஆர்.டி.எம். 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடார் மூலம் எடுத்தது. பெரிய சாதனை, சலாம். ஆனால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். அதில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். மூன்று, நாலு மீட்டர் அகலமுள்ள வாய்க்கால் கரை அந்தக் கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். காவிரிப் படுகையின் உயிரே அந்தக் கரையில்தான் இருக்கிறது. இரண்டாவது, உயரம் முழு மீட்டர் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2 என்று இருக்கும், அல்லது 3 என்று இருக்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. மூன்றாவது, ரேடார் தென்னந்தோப்பின் தலையையும் வீட்டின் மாடியையும் தரை என்று சேர்த்துக்கொள்கிறது.

நம் இஸ்ரோவும் 2005-இல் ஏவிய கார்டோசாட்-1 படங்களிலிருந்து இந்தியாவுக்கு உயரத் தகவல் தயாரித்து 'புவன்' மூலம் தருகிறது. அதிலும் பிழை மீட்டர் கணக்கில்தான். திருவாரூரிலிருந்து நாகூர் வரை தரை இறங்குவதே மொத்தமாகச் சில மீட்டர்தான் என்னும்போது, பிழையும் நிஜமும் ஒரே அளவு. பிறகு படம் 'தட்டையாக, உயிரில்லாமல்' இருக்கிறது என்று உயரத்தைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம். அப்படிப் பெருக்கியபோது, ஒரு தென்னந்தோப்பு எனக்குக் குன்றாகி நின்றது.

நான் பார்த்த மென்பொருள்களுக்கு என் மதிப்பெண்ணையும் சொல்லிவிடுகிறேன். டெராஜென் இங்கிலாந்துச் சரக்கு. வானம், மேகம், வெயில் மூன்றிலும் அதை அடிக்க ஆள் இல்லை. ஐப்பசி மாதத்துக் கருமேகத்தை அதில் பார்த்து நான் கொடியில் காய்ந்த துணியை நினைத்துக்கொண்டேன். தரை பற்றி அதற்கு அக்கறை குறைவு. வ்யூ பாரிஸில் பிறந்தது; செடி கொடி மரத்தில் கெட்டிக்காரி. பிரெஞ்சில் படித்தவன் என்ற பாசத்தோடு திறந்தேன். ஆனால் அதை வாங்கிய பெரிய கம்பெனி 2024-இல் இனி வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்து, இருப்பதை இலவசமாக விட்டுவிட்டது. இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துக் 'கதாஸ்த்ர்' எண்ணைப் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துப் பத்திரங்களில் இன்றும் எழுதுகிறார்கள். தாளில் போட்ட நில அளவை ராஜ்யம் மாறியும் நிற்கிறது. கணினியில் போட்ட நிலமோ கம்பெனி மாறினால் அநாதை.

மிச்சம் இருப்பது க்யூஜிஸ், பிளெண்டர் இரண்டும். இரண்டும் இலவசம், பொதுச்சொத்து மாதிரி. க்யூஜிஸ் வரைபடக்காரர்களுடையது, பார்க்க அழகில்லை. ஆனால் அது தானாக எதையும் கற்பனை செய்யாது. நீங்கள் கொடுத்த உயரம்தான் நிற்கும், அந்த உயரம் எங்கிருந்து வந்தது என்றும் குறித்து வைக்கலாம். ஆகவே என் ஓட்டு அதற்கே. அழகு பத்தாது என்றால் பிளெண்டரில் கொண்டுபோய் வண்ணம் பூசிக்கொள்ளுங்கள். முதலில் அளவு, பிறகு அலங்காரம்.

"சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் செய்ததை எடுத்து வைத்துக்கொண்டு வரப்பு இல்லை, மடை இல்லை என்று சண்டை போடுகிறீர்களே, இது கலை தாத்தா" என்றான் பேரன். நியாயமான கேள்வி. பாகுபலியில் வந்த அந்தப் பெரிய அருவி கணினியில் உருவானது. கைதட்டிப் பார்த்தோம். யாரும் அதை நம்பி அருவிக்கரையில் வீடு வாங்கவில்லை. அதுவரைக்கும் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

என் வழக்கு அதே வித்தை மனை விற்க வரும்போதுதான். எங்கள் பக்கத்தில் ஒரு மனைக் கம்பெனி, பெயர் வேண்டாம், ஒரு மண்டபத்தில் திரை கட்டி முப்பரிமாணப் படம் காட்டியது. அழைத்தார்கள், போனேன். பச்சைப் புல்வெளி, தார்ச்சாலை, விளக்குக் கம்பம், சைக்கிள் ஓட்டும் குழந்தை. ஓரமாக ஒரு சிற்றோடை. பின்னணியில் நீலமாக ஒரு மலைத்தொடர்! நாகூர் பக்கத்தில் மலை! நாங்கள் அண்ணாந்து பார்க்கிற உயரமான பொருள் தர்கா மினாரா ஒன்றுதான். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது, 131 அடி. தரை தட்டையாக இருப்பதால்தான் அது அவ்வளவு தூரத்துக்குத் தெரிகிறது. மலையைப் பார்த்துப் பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஆனால் சிரிக்க வேண்டியது மலைக்கு இல்லை. அழ வேண்டியது அந்தச் சிற்றோடைக்கு. நிஜத்தில் அது வடிவாய்க்கால். கார்த்திகையில் மேலே உள்ள வயல்களின் தண்ணீர் எல்லாம் வடிகிற வழி. படத்தில் அதன் இரு கரையிலும் மனை போட்டிருந்தார்கள். மலை பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஓடை பொய் என்பது மழை வந்தால்தான் தெரியும்.

படம் எவ்வளவு நிஜம் போல இருக்கிறதோ அவ்வளவுக்கு அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். ஆபத்து அங்கேதான். மங்கலான நீலக் காகிதத்தில் வரைபடம் காட்டினால் நாலு கேள்வி கேட்போம். புல்லில் பனித்துளி மின்னினால் வாயை மூடிக்கொள்கிறோம். பனித்துளியை வரைந்தவனுக்கு அந்தத் தரையின் உயரம் தெரியும் என்று யார் சொன்னது?

உயரம் என்பது எங்களுக்கு அழகு சமாசாரம் இல்லை. 1977 நவம்பர் 12 புயலைப் பார்த்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் பலர். 2004 டிசம்பர் 26 காலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். கடல் எங்கே ஏறியது, எங்கே நின்றது என்பதை ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இருந்த மேடு பள்ளம் தீர்மானித்தது. 2018-இல் கஜா. 2019-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, நான் மேலே சொன்ன அதே எஸ்.ஆர்.டி.எம். பிழையைத் திருத்திப் பார்த்தது. 2050 வாக்கில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கடல் வெள்ளம் ஏறக்கூடிய தாழ்ந்த தரையில் உலகம் முழுவதும் 8 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்ற பழைய கணக்கு 30 கோடி ஆனது. கடல் ஒரே நாளில் உயர்ந்துவிடவில்லை. தோப்பின் தலையைத் தரை என்று எழுதியிருந்ததைத் திருத்தினார்கள், அவ்வளவுதான்.

மத்திய அரசின் 2022-ஆம் வருஷத்து தேசிய புவியிடக் கொள்கை, 2030-க்குள் சமவெளிக்கு 25 சென்டிமீட்டர் துல்லியத்தில் உயரத் தகவல் தயாரிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்ல இலக்கு, வரவேற்கிறேன். வந்தாலும் நினைவில் வையுங்கள்: 25 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு சாண், நாலு விரல். இளம் சம்பா நாற்று தண்ணீருக்கு மேலே தலை காட்டுவதற்கும் மூழ்கி அழுகுவதற்கும் இடையே உள்ள தூரம் அதுதான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் நிலக் கட்டுகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் புலப்படத்தில் நீளம் உண்டு, அகலம் உண்டு, மூலைக்கு மூலை அளவு உண்டு. உயரம் கிடையாது. மூன்றாவது பரிமாணத்தை எந்தக் கட்டிலும் எழுதி வைக்கவில்லை. அது இருந்ததெல்லாம் மனிதர் தலையில். எந்த மடையில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த வயல் கடைசியில் வடியும் என்று பரம்பு அடித்தவருக்குத் தெரியும். எந்தச் சட்ரஸை எத்தனை பலகை தூக்கினால் எந்த ஊர் நனையும் என்று லஸ்கருக்குத் தெரியும். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கட்டில் எழுதாத இந்த வெற்றிடத்தில்தான் மென்பொருள் நீல மலையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

நிலக்காட்சிக்குப் பிரெஞ்சில் 'பெயிஸாழ்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் 'பெயி' இருக்கிறது. நாடு, ஊர் என்று அர்த்தம். ஊர் இல்லாமல் நிலக்காட்சி இல்லை என்று அந்தச் சொல்லே சொல்கிறது. ஊரை விசாரிக்காமல் வரைந்தது வெறும் திரைச்சீலை. நாடகத்துக்கு ஆகும், கிரயத்துக்கு ஆகாது.

ஆகவே என் கோரிக்கை இது. மனை விற்கவோ, திட்டம் விளக்கவோ, பொதுமக்களுக்குக் காட்டுகிற எந்த முப்பரிமாணப் படத்திலும் ஒரு மூலையில் மூன்று வரி கட்டாயம் எழுத வேண்டும். தரையின் உயரம் எந்த அளவையிலிருந்து, எந்த வருஷத்தில் எடுத்தது? அதில் பிழை எவ்வளவு? உயரத்தை எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டியிருக்கிறது? மருந்து அட்டையில் காலாவதித் தேதி போடச் சொல்கிறோம். அதைவிட இது பெரிய கேள்வி இல்லையா? அதோடு, வெயில் காலப் படம் மட்டும் போதாது, கார்த்திகை மாதப் படமும் காட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பத்து நாள் விடாமல் பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கும் என்று அதே மென்பொருளை வைத்துக் காட்டட்டுமே. பனித்துளி வரைகிறவனுக்குத் தேங்கிய தண்ணீர் வரைவது சிரமமா?

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை யாராவது திரை கட்டிப் படம் காட்டினால், விளக்குப் போட்டதும் எழுந்து நின்று அந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால், அங்கே கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு நேராக அந்த இடத்துக்கே போங்கள். பக்கத்து வயலில் வேலை செய்கிறவரிடம், "ஏன் தம்பி, மழையில இங்க தண்ணி எம்புட்டு நிக்கும்?" என்று கேளுங்கள். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் காலில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். முழங்காலா, இடுப்பா என்று பார்த்துக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.